பன்னிரண்டு மணிக் கோளாறு

ஜெசிந்தா சொன்ன பொய்க்கு நான்கு வயதாகிறது. அதை அவள் வாயால் சொல்லவில்லை. ஒரு பிற்பகலில், கண்ணைத் துடைத்துக்கொண்டே, பதினேழு வரி நிரலாக எழுதி, கரையில் நிற்கும் வாசல் சர்வரில் போட்டாள். போட்டதோடு சரி, மறந்தும் போனாள். நல்ல எண்ணத்தில் செய்த காரியங்களை மறப்பது சுலபம். யாரும் அதைப் பற்றித் திரும்பக் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குப் பிலோமி வந்து கேட்டாள்.

தூத்துக்குடியில், உப்பளங்களுக்கு எதிரே, கடலடிச் சுரங்கக் கம்பெனியின் கரை அலுவலகம். கண்காணிப்புப் பிரிவு என்று கதவில் எழுதியிருக்கும். உள்ளே ஜெசிந்தா ஒருத்திதான். மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலை. ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் மஸ்கட் போனார், மிச்சமிருந்தவளுக்கு நாற்பத்தெட்டு வயது, தீராத முதுகுவலி. விடுப்பு கேட்டால், "நீங்க போயிட்டா யார் பாக்குறது?" என்பார்கள். அதைப் பாராட்டு என்று நினைத்துச் சந்தோஷப்பட்ட காலமும் ஒன்று இருந்தது.

கண்காணிக்க வேண்டியது நாற்பத்து மூன்று ஆட்களை. நடுக்கடலில் நாலரைக் கிலோமீட்டர் ஆழத்தில் ஓர் இரும்புக் கூடு, அதற்குள் அவர்கள். அடித்தரையில் கிடக்கும் உலோக உருண்டைகளை அள்ள முதலில் யந்திரங்களைத்தான் அனுப்பினார்கள். சேற்றில் புதைந்துபோன யந்திரத்தைத் தூக்கிவிட ஆள் தேவைப்பட்டது. சங்கு குளித்துப் பழகிய குடும்பங்களிலிருந்து ஆள் எடுத்தார்கள், இருட்டுத் தண்ணீரில் பதறமாட்டார்கள் என்று. ஒரு தவணை ஆறு மாதம். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு பட்டை. நாடி, மூச்சு, உடம்புச் சூடு எல்லாவற்றையும் கூட்டுக்குள் இருக்கும் அடி சர்வர் வாங்கி, ஒரு வலைப்பக்கமாக வைத்திருக்கும். ஊரில் அதற்கு 'வெளக்குப் பக்கம்' என்று பெயர். ஆள் நலம் என்றால் பச்சை, ஆபத்து என்றால் சிவப்பு, பக்கத்தில் நாடியின் எண். வீட்டில் உள்ளவர்கள் போனில் தங்கள் ஆளின் விளக்கை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வீட்டு விளக்கு தெரியாது.

பிலோமியின் வீட்டுக்காரர் கஸ்பார் கீழே போய் ஐந்து மாதமாகிறது. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கேட்டா சிரிப்பிய."

"சிரிக்கத் தெம்பில்ல பிலோமி. சொல்லு."

"அவிய எம்மேல கோவமா இருக்காவளான்னு இந்த மெஷின்ல பாக்க முடியுமா?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாடி பாக்கலாம், மூச்சு பாக்கலாம். கோவம் பாக்க இன்னும் மெஷின் வரலையே."

"தெரியும்க்கா. நாடியிலதான் எனக்குத் தெரியும்." பிலோமி குரலைத் தாழ்த்தினாள். "யார்ட்டயும் சொல்லிராதிய. பகல் பன்னண்டுக்குக் கோயில்ல திரிகால மணி அடிக்கும்லா? அந்நேரம் அவிய அங்க பாத்திரத்துல தண்ணி வச்சி, மூஞ்ச அமுக்கி, மூச்சப் பிடிப்பாவ. நாடி எழுவதுலேருந்து நாப்பத்தஞ்சுக்கு எறங்கும். ஒரு நிமிசம் நிக்கும், பொறவு ஏறும். எனக்குப் போன்ல தெரியும். உன்ன நெனச்சேன்னு அர்த்தம். நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சது, வேற ஒருத்தருக்கும் தெரியாது."

"இப்ப?"

"செவ்வாய்க்கிழமையிலேருந்து எறங்கல. இன்னிக்கோட நாலு நாளு. வெளக்கு பச்சையாத்தான் இருக்கு, நாடி எழுவத்திரண்டு, எழுவத்திநாலுன்னு ஓடுது. ஆளு நல்லாத்தான் இருக்காவ. வேணும்னுதான செய்யாம இருக்காவ? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம தவணைய ரெண்டு மாசம் நீட்டிட்டாவக்கா. அதுக்கு நான் ரெண்டு வார்த்த சொன்னேன். சொல்லக் கூடாதா?"

ஜெசிந்தாவுக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. கூடு இறங்கிய முதல் வருடம், தினமும் பகல் பன்னிரண்டுக்கு அலாரம் அலறும். ஆளுக்கு ஆள் நாடி சடசடவென்று இறங்கும், அடுத்த நிமிடமே ஏறிவிடும். பட்டையில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டு ஐந்து வரை அலாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்தாள். 'பன்னிரண்டு மணிக் கோளாறு. ஆபத்தில்லை' என்று பதிவேட்டில் எழுதியதும் அவள்தான்.

நாற்பத்து மூன்று பேருடைய பழைய எண்களையும் திரையில் விரித்தாள். திங்கட்கிழமை பன்னிரண்டு மணி: எல்லாக் கோடுகளும் குழி விழுந்தமாதிரி இறங்கி ஏறியிருந்தன. செவ்வாய்: ஒன்றுகூட இறங்கவில்லை. புதன், வியாழன், இன்று: ஒன்றுமில்லை. நாற்பத்து மூன்று பேரும் ஒரே நாளில் கோபித்துக்கொள்ள முடியாது.

குடும்பங்களுக்குப் பதில் சொல்லும் வாசல் சர்வரைத் தாண்டி நேரே அடி சர்வரைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள், இல்லை. கடைசியாக அது பேசியது செவ்வாய் காலை ஒன்பது பதினாலுக்கு.

"அக்கா, இன்னொண்ணு." பிலோமிக்கு எதுவும் தெரியாது, அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புதன்கிழமை ஆத்தரத்துல ஒரு செய்தி அனுப்பிட்டேன். அது இன்னும் போவலன்னா எடுத்துருங்க."

குடும்பத்துக்கு வாரம் இரண்டு செய்தி, இருபது வார்த்தைக்குள். ஜெசிந்தா வரிசையைத் திறந்தாள். செவ்வாய்க்குப் பிறகு அறுபத்தொரு செய்திகள். மூன்றுக்கு எதிரே மட்டும் 'கிளம்பியது' என்று இருந்தது. பதில் வராததால் வாசல் சர்வர் அதற்குமேல் அனுப்புவதை நிறுத்திவிட்டது. மற்றவை எல்லாம் 'காத்திருக்கிறது'. பிலோமியுடையதும் காத்துக்கொண்டிருந்தது. 'மூச்சு பிடிக்க மனசில்லன்னா அங்கயே கெடங்க. வரவே வேண்டாம்.'

வரிசையில் உள்ளதை அழிக்கக் கூடாது என்பது விதி. ஜெசிந்தா அழித்தாள். நாளைக்கு விசாரணை என்று யாராவது வந்தால் இந்தப் பெண்ணின் சண்டையை ஊரே படிக்க வேண்டாம் என்று, பதிவேட்டிலிருந்தும் அந்த வரியைச் சுத்தமாகத் துடைத்தாள்.

"எடுத்துட்டேன். போகல."

"அப்ப ஏன்க்கா..."

"லைன் கொஞ்சம் மெதுவா இருக்கு. கோவமெல்லாம் ஒண்ணுமில்ல, நான் சொல்லுதேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு."

பிலோமி நம்பினாள். சிரித்துக்கொண்டே போனாள்.

மேலாளர் தயாளன் சென்னையிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கப்பல் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது என்பதை அவரே சொல்லிவிடுவார். கெட்டவர் இல்லை. அவருக்கும் தூக்கம் போதாத கண்கள்.

"நாலு நாளா பதில் இல்லைங்கறீங்க. பச்சை எரியுதே மேடம்?"

"அது கீழேருந்து வர்ற பச்சை இல்ல சார். வாசல் காட்டுற பச்சை."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"தண்ணிக்குள்ள ரேடியோ போகாது. வயர் போட்டாங்க, ரெண்டு தடவை அறுந்துச்சு, அப்புறம் போடல. இப்ப சத்தமாத்தான் செய்தி போகுது, வருது. மிதவையில ஒரு காது, கூட்டுமேல ஒரு கம்பம். ரொம்ப மெதுவு. நாப்பத்து மூணு குடும்பமும் நிமிசத்துக்கு நிமிசம் பக்கத்தைத் திறந்தா அடி சர்வர் திணறி விழுந்துரும். அதுக்குத்தான் கரையில ஒரு சர்வர் நிறுத்தினோம். ரிவர்ஸ் ப்ராக்ஸின்னு பேரு. ஐ.சி.யூ. வாசல்ல நிக்கிற நர்ஸ் மாதிரி. சொந்தக்காரங்க எல்லாம் அவகிட்டதான் கேக்கணும். அவ நிமிசத்துக்கு ஒருதரம் உள்ள எட்டிப் பாத்து, எல்லாருக்கும் அதையே சொல்லுவா."

"சரி. உள்ள கதவே திறக்கலைன்னா?"

"முன்னாடி சாம்பல் நிறம் காட்டும். தெரியலைன்னு அர்த்தம். நாலு வருசத்துக்கு முன்னாடி ஒருநாள் மிதவை சாய்ஞ்சு பதினோரு நிமிசம் சாம்பல் வந்துச்சு. ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு, எட்டு மாசம். போனைப் பாத்துட்டு மாடிப்படியில ஓடி வந்து விழுந்துட்டா. பிள்ளை தங்கல. அந்நேரம் அவ புருசன் கீழ சோறு தின்னுக்கிட்டு இருந்தான்." ஜெசிந்தா நிறுத்தி, தண்ணீர் குடித்தாள். "அன்னிக்குத்தான் மாத்தி எழுதினேன். பதில் வரலைன்னா கடைசியா வந்ததையே காட்டுன்னு."

"நாடி எண் ஓடிக்கிட்டு இருக்குதே?"

"ஒரே எண் நின்னா சந்தேகம் வரும்ல? ரெண்டு கூட்டி, ரெண்டு கொறைச்சு ஓடுற மாதிரி நாந்தான் எழுதினேன். பத்து நிமிசம், இருவது நிமிசம் தாண்டாதுன்னு நெனச்சேன் சார். நாலு நாள் ஓடும்னு நெனக்கல."

தயாளன் கப்பல் அட்டவணையை இழுத்துப் பார்த்தார். "ஆறு மணி நேரம் பதில் இல்லைன்னா கப்பல் கிளம்பணும். அதுக்குத் தனி அலாரம் இருக்குமே?"

"இருக்கு. அந்த அலாரம் யாரைக் கேக்குது தெரியுமா? வாசலைத்தான். அடி சர்வருக்குச் சும்மா இன்னொரு பாரம் எதுக்குன்னு நாந்தான் அப்படி மாத்தி வச்சேன். வாசல் எல்லாருக்கும் சொல்ற பதிலைத்தான் அதுக்கும் சொல்லியிருக்கு. நல்லாருக்காங்க, நல்லாருக்காங்கன்னு."

வெளியே உப்பளத்தில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. தயாளன் எழுந்து திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்தார்.

"மேடம், கப்பலை இப்பவே அனுப்புறேன். அதுல பேச்சே இல்ல. ஆனா விளக்கு இருக்கட்டும். கம்பம் சாய்ஞ்சிருக்கும், அவ்வளவுதான். உள்ள காத்து இன்னும் பத்து நாளைக்கு இருக்கு. கப்பல் போய்ச் சேர ஞாயித்துக்கிழமை ஆகும். ரெண்டு நாள். நாப்பத்து மூணு வீட்டுல சாம்பலைக் காட்டி என்ன பண்ணப் போறீங்க? இன்னொரு ஸ்டெல்லா வேணுமா?"

நான்கு வருடத்துக்கு முன்னால் அவளே தனக்குச் சொல்லிக்கொண்ட வார்த்தைகள்தான். அப்போது அவை அவளுக்கு நியாயமாக இருந்தன. இப்போது அதே வார்த்தைகளை இன்னொருவர் வாயால் கேட்கும்போது அவளுக்கு அலுப்பாக வந்தது. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"ஒருத்தி எங்கிட்ட வந்து புருசனுக்குக் கோவமான்னு கேட்டுட்டுப் போறா சார். ஆளு உசுரோட இருக்கானான்னு அவ கேக்கல. நான்தான் இருக்கான்னு காட்டிக்கிட்டு இருக்கேனே. இன்னும் எத்தனை வீட்டுல என்னென்ன நெனச்சுக்கிட்டு இருக்காங்களோ."

அவர் தடுக்கவில்லை. அவள் தன் மேசைக்குத் திரும்பி, பதினேழு வரிகளையும் அழித்தாள். எழுத ஒரு பிற்பகல் பிடித்தது, அழிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. நாற்பத்து மூன்று விளக்குகளும் சாம்பலாயின.

அரைமணி நேரத்தில் வாசலில் கூட்டம். ஆட்டோவில் வந்தவர்கள், நடந்து வந்தவர்கள், கையில் கரண்டியோடு ஓடி வந்த ஒருத்தி. ஜெசிந்தா படியில் நின்று நடந்ததைச் சொன்னாள். தொடர்பு அறுந்ததை, பச்சை பொய் என்பதை, அந்தப் பொய்யைத் தானே எழுதியதை. ஒருத்தி அவள் சட்டையைப் பிடித்தாள். இன்னொருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். அவள் நகரவில்லை, நகர்வதற்கு நியாயமும் இல்லை.

கூட்டத்தின் ஓரத்தில் பிலோமி நின்றாள். அவள் முகத்தில் ஒரு கணம் வந்து போனது பயமில்லை. நிம்மதி. "அப்ப கோவம் இல்லையா?" என்று உதடு அசைந்தது. பிறகுதான் மற்றதெல்லாம் உறைத்து, அவளும் அழத் தொடங்கினாள். அந்த ஒரு கணத்தை ஜெசிந்தாவால் கடைசிவரை மறக்க முடியவில்லை.

இரண்டு நாளும் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. அலுவலகக் கூடத்தில் பாய் விரித்தார்கள், செபமாலை சொன்னார்கள், யாரோ கொண்டுவந்த சோற்றை யாரோ பரிமாறினார்கள். தயாளன் தரையில் உட்கார்ந்து கப்பலோடு பேசிக்கொண்டே இருந்தார். ஜெசிந்தா கூடத்துச் சுவரில் பெரிய திரை ஒன்றை மாட்டி, வாசல் சர்வரை இடையில் வைக்காமல் நேரே அடி சர்வரோடு இணைத்துவிட்டாள். யார் எந்த விளக்கைப் பார்க்கலாம் என்று பிரித்துக் காட்டியது வாசல்தான். அது இல்லையென்றால் எல்லா விளக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்று ஐம்பதுக்குக் கப்பல் தன் காதைத் தண்ணீரில் இறக்கியது. இரண்டு நிமிடத்தில் முதல் எண் வந்தது. எண்பத்தொன்று, பச்சை. கூடம் அலறியது. அடுத்தது வந்தது, அதற்கடுத்தது. சத்தமாக வருகிற செய்தி, முதல் தடவை ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாகத்தான் வரும்; வந்தபின் எண் மாறுவது உடனுக்குடன் தெரியும். தங்கள் ஆள் பெயருக்கு நேரே எண் வந்ததும் பெண்கள் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. கஸ்பாரின் வரிசை இன்னும் நிரம்பவில்லை. நாற்பது, நாற்பத்தொன்று.

கோயிலில் திரிகால மணி அடித்தது.

எண்கள் இறங்கத் தொடங்கின. எழுபத்தாறு அறுபதாயிற்று, எண்பத்தொன்று ஐம்பத்திரண்டாயிற்று. ஒன்றில்லை, இரண்டில்லை, திரை முழுக்க எல்லாமே நாற்பதுகளில் போய் நின்றன.

"எங்க வீட்டுல உள்ளவியளும் பன்னண்டுக்கு..." என்று ஒருத்தி தொடங்கி நிறுத்தினாள்.

"உங்க வீட்டுலயுமா?"

"நாங்க ரெண்டு பேரு மட்டும் பேசி வச்சதுன்னுல்லா நெனச்சேன்!"

"இந்த ஆம்பளைய எல்லாரும் கூடிப் பேசித்தான் இந்த வேல பாத்துருக்கானுவ!"

சிரிப்பும் அழுகையுமாக ஒருத்தியை ஒருத்தி அடித்துக்கொண்டார்கள். நாலு நாளும் ஒவ்வொருத்தியும் தன் புருசனுக்கு மட்டும்தான் கோபம் என்று நினைத்து, வெட்கப்பட்டு, வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறாள். பிலோமியும் சிரித்துக்கொண்டிருந்தாள், கண் மட்டும் திரையில் இருந்தது. ஒரு நிமிடம் கழித்து எண்கள் மெல்ல ஏறின. நாற்பத்திரண்டாவது எண்ணும் வந்தது. கடைசியாகக் கஸ்பாரின் வரிசை நிரம்பியது.

சிவப்பு. எண் இல்லை.

கூட்டின் மேற்பார்வையாளர் அனுப்பிய விவரத்தை ஜெசிந்தாதான் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை சேறு சரிந்து ஒலிக்கம்பம் சாய்ந்துவிட்டது. கீழிருந்து பேசியது மேலே போகவில்லை. மேலிருந்து வந்தது விட்டுவிட்டுக் கேட்டது, மூன்று வீட்டுச் செய்திகள்கூட வந்தன. கப்பல் வரும் என்று இரண்டு நாள் பார்த்தார்கள், வரவில்லை. வியாழன் காலை கஸ்பார் தானாகவே முன்வந்து இரும்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கம்பத்தைப் பாதி நிமிர்த்திவிட்டார்; தூரத்து மிதவைக்கு அது எட்டவில்லை, ஆனால் அதனால்தான் இன்று கப்பல் நேர் மேலே காதை இறக்கிய உடனே பேச்சு கேட்டது. திரும்பி வரும்போது மறுபடி சேறு சரிந்தது.

மற்றப் பெண்கள் பிலோமியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் அவர்களை விலக்கிவிட்டு எழுந்து ஜெசிந்தாவின் மேசைக்கு வந்தாள். அழவில்லை.

"அக்கா, மூணு செய்தி போச்சுன்னு சொன்னியள்லா?"

"ஆமா."

"நான் புதன்கிழமை அனுப்புனேன். அதப் படிச்சிட்டா அவிய வெளிய போனாவ?"

"இல்ல பிலோமி." ஜெசிந்தா எழுந்துவிட்டாள். "இல்ல. உன்னோடது போகல. வரிசையிலதான் கெடந்துச்சு. காத்திருக்குன்னு போட்டுருந்துச்சு, என் கண்ணால பாத்தேன். பாத்துட்டுத்தான் அழிச்சேன்."

"காட்டுங்க."

ஜெசிந்தா வரிசையைத் திறந்தாள். செய்திகள் அறுபதும் அங்கே இருந்தன. எது கிளம்பியது, எது கிளம்பவில்லை, நாள், மணி, நிமிடம் எல்லாம் இருந்தன. பிலோமியின் பெயர் மட்டும் இல்லை. பதிவேட்டைத் திறந்தாள். அங்கேயும் சுத்தமாகத்தான் துடைத்திருந்தாள். வேலையில் அவள் எப்போதும் குறை வைத்ததில்லை.

"நீ எடுக்கச் சொன்ன, எடுத்துட்டேன். எடுத்ததை எப்படிக் காட்டுவேன்?" ஜெசிந்தா திரையை அவள் பக்கம் திருப்பினாள். "சத்தியமாப் போகல பிலோமி. மாதா சத்தியமா."

பிலோமி அவளையே பார்த்தாள். கோபமோ வெறுப்போ இல்லாத பார்வை. விளக்குப் பக்கத்தில் ஒரு எண்ணைப் பார்ப்பதுபோல, இது மெய்தானா என்று பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை நான் கேட்டப்பவும் இப்படித்தான சொன்னிய. லைன் மெதுவா இருக்கு, போய்ச் சாப்பிடுன்னிய. நானும் போய்ச் சாப்ட்டேன்."

ஜெசிந்தாவிடம் சொல்வதற்கு உண்மை ஒன்றுதான் இருந்தது, அதை ஏற்கெனவே சொல்லியாயிற்று.

பிலோமி அவள் கையைத் தொட்டாள். ஆறுதல் கேட்டுத் தொட்டாளோ, சொல்லத் தொட்டாளோ.

"இதுவும் பச்ச வெளக்குதானாக்கா?"